கட்டிலில் பூட்டிய சைக்கிள் பெல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நீயும் உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்கும். கால்தான் போயிற்றே தவிர, காது பாம்புக் காது. அதோடு, போனில் சொன்னால் நீ "சரி விடுக்கா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். இதை விடக்கூடாது.

அப்பா மூன்று வேளையும் சாப்பிடுகிறார். காலையில் நர்ஸம்மா வந்து உடம்பு துடைத்துவிட்டுப் போகிறார். முதுகுப் புண் ஆறிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான். யூனிஃபார்ம் சட்டைகள் வீடு முழுக்கக் குவிந்து கிடக்கின்றன. நாற்பது சட்டைக்குக் காலர் வைக்கவில்லை, பட்டனுக்குக் காஜா எடுக்கவில்லை. கையே ஓடமாட்டேன் என்கிறது. இரு, ஒரு நடை போய் அவரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பார்த்தேன். விழித்துத்தான் இருக்கிறார். ஒன்றும் வேண்டாமாம்.

போன தடவை வந்தபோது, அவருக்குக் குரல் எழும்பவில்லையே என்று, கடையை மூடியபோது மிஞ்சிய பெல் ஒன்றைக் கட்டில் கம்பியில் பூட்டிவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். நாற்பது வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தவருக்கு அது விளையாட்டுச் சாமானாகிவிட்டது. ஃபேனைப் போடு, டிரிங். குறை, டிரிங். வாசலில் யார், டிரிங். கண்ணுக்கு நேரே கடிகாரம் தொங்குகிறது. மணி என்னம்மா என்று கேட்க ஒரு டிரிங். மெஷினில் துணியை வைத்து மிதிக்க ஆரம்பித்தால் போதும், எப்படித்தான் தெரியுமோ, அடித்துவிடுவார். முதலில் சிரிப்பு வந்தது. போகப் போகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்து போனேன்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், அரை மணி நேரத்தில் பதினோரு தடவை அடித்தார். பதினோராவது தடவை போய் நின்றால், எதற்குக் கூப்பிட்டோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. அவர் கண்ணயரட்டும் என்று காத்திருந்தேன். பிறகு பெல்லின் மேல்மூடியைத் திருகிக் கழற்றினேன். கொண்டுபோய் மெஷின் டிராயரில் பட்டன்களுக்கு நடுவே போட்டு மூடினேன். சட்டை தைக்கக்கூட இல்லை தம்பி. துணிக் குவியல் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டேன். இரண்டு மணி நேரம்.

பதறி எழுந்து ஓடினால், அவர் கட்டைவிரல் அந்த மூடியில்லாத, சத்தம் வராத பெல் மேலேயே இருக்கிறது. எத்தனை தடவை அழுத்தினாரோ. படுக்கையெல்லாம் நனைந்து, அந்த ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவசர அவசரமாக, "மரை தேஞ்சு போச்சும்மா, பழைய பெல்தானே, அதான் மூடி கழண்டு விழுந்திருக்கு, உன் மேல தப்பில்ல" என்றார். தப்பு யார் மேல் என்று நான் கேட்கவே இல்லை. விழுந்த மூடி கட்டிலடியில் கிடக்க வேண்டும் அல்லவா? அதைத் தேடு என்று அவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே மூடியை மாட்டிவிட்டேன். அடித்தும் காட்டினேன், கணீரென்று கேட்டது. தலையை ஆட்டினார். இன்றோடு ஆறு நாள் ஆகிறது, அந்தப் பெல்லை அவர் தொடவில்லை.

முந்தாநாள் தண்ணீர் டம்ளரைத் தானே எட்டி எடுக்கப் பார்த்து, பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அந்த நேரம் போனேன். பெல் கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. அதை அடித்தால் என்ன என்று கத்திவிட்டேன். "நீ வேலையா இருப்பேன்னு பார்த்தேன்" என்றார், யாரோ வீட்டில் தங்க வந்தவர் மாதிரி. பெற்ற அப்பா என்னைப் பார்த்துப் பயப்படுகிறார். இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

இப்போது பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நானே எழுந்து ஓடுகிறேன். மெஷின் ஓடும்போது பெல் கேட்ட மாதிரி இருக்கும், போய்ப் பார்த்தால் அவர் அடித்திருக்க மாட்டார். இந்தக் கடிதம் முடிவதற்குள் நாலு தடவை எழுந்தாயிற்று. போன் பண்ணும்போதெல்லாம் "உன்னை மாதிரி யாருக்கா பார்த்துப்பாங்க" என்கிறாயே, இனி அப்படிச் சொல்லாதே. அடுத்த தடவை நான் என்ன செய்வேனோ என்று எனக்கே பயமாக இருக்கிறது.

ஒரு பத்து நாள் லீவு கிடைக்காதா? வரும்போது புதிதாக ஒரு பெல் வாங்கி வா. நான் வாங்கி மாட்டினால், செய்த தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பழையதில் மரை தேய்ந்துதான் போயிருந்தது என்று நீயும் அவரிடம் சொல். சொல்லிவிட்டுப் புதுப் பெல்லை அவர் கையில் கொடு. அடித்துப் பார்க்காமல் எந்தப் பெல்லையும் அவர் கடைக்கு எடுத்ததில்லை, உனக்குத்தான் தெரியுமே. நான் மெஷினிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு தடவை அடிக்கட்டும், ஓடி வந்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வா.

உன் அக்கா