கரி புடிச்ச நாலு பிளக்

5, புதன்
காலைலயே அனல். காத்து பேருக்குக்கூட இல்ல. வண்டி மறுபடியும் திக்குது. அழுத்தி மிதிச்சா இழுக்காம இருமுது. எஞ்சினுக்குப் பொறி குடுக்கற நாலு பிளக்கையும் கழட்டிப் பாத்தேன். நாலும் கரி.

ஞாயித்துக்கிழம கோயமுத்தூர் கார் ரேஸ்ல லேடீஸ் கிளாஸ் ஓட்டம். போன தடவ ஸ்டார்ட் லைன்லயே அணைஞ்சு, நாலு பேரு தள்ளி ஓரங்கட்டுனாங்க. இந்தத் தடவையும் நின்னா வித்துருவேன். ஹெல்மெட்டோட சேத்து.

சாயந்தரம் சென்னியப்பண்ணன் ஒர்க்‌ஷாப். எஞ்சின் ஹெட்ட செதுக்கி கம்ப்ரஷன ஏத்தி, பெரிய கார்புரேட்டர் மாட்டிக் குடுத்தவரு. கேட்டது நான். பதில் பூராம் எங்க ஊட்டுக்காரருக்கு. முனை சூடேறாத கூல் பிளக்குனாலதான் கரி புடிக்குதாம், சூடு நிக்கற மாதிரி ஒரு படி ஹாட்டா போடணுமாம். இவருக்கு பிளக் எது பியூஸ் எதுன்னே தெரியாது. தலைய ஆட்டுனாரு. கம்ப்ரஷன் ஏத்துன எஞ்சினுக்கு ஹாட் தாங்குமான்னேன்.

"தாங்கும்னு சொல்லுங்க மாப்ள."

சொல்லுங்களாமா. எதிர்லதான நிக்கறேன் நானு.

6, வியாழன்
ஆபீஸ்ல துணி செக்கிங். நீலத் துணில வெள்ளப் பஞ்சு ஏறிருக்குதுன்னு பதினோரு ரோல் ரிஜெக்ட். சாயம் போட்ட டையிங்காரர் போன்ல ஒரே கத்தல். கத்தட்டும். என் கண்ணுக்குத் தப்பாது.

பிளக் கடை. ஒரு கம்பெனில நம்பர் கூடுனா கூல், இன்னொன்னுல நம்பர் கூடுனா ஹாட். எவன் பண்ண வேலையோ. அட்டைய ரெண்டு தடவ படிச்சு, அண்ணன் சொன்ன ஹாட்டே வாங்குனேன்.

பிளக் முனையில பொறி தாண்டற கேப்: முன்ன 0.8 மில்லி. கம்ப்ரஷன் ஏறுனா பொறி தாண்ட சிரமம், அதனால 0.7. ஊட்டுக்குப் பொறத்தால அவரோட பனியன் துணி பின்னற நிட்டிங் ஷெட்டு, நாலு மெசினு. அங்கிருந்து கேப் அளக்கற ஃபீலர் கேஜ எடுத்தேன். எடுத்த எடத்துல வையின்னு அவரு முனகல்.

வாங்க வேண்டியது: பால், சோடா உப்பு, அவர் மாத்திர.

7, வெள்ளி
ஹாட் பிளக் மாட்டி சாமளாபுரம் ரோட்ல ஓட்டிப் பாத்தேன். கரி போச்சு, கிரகம் வந்துச்சு. மூணாவது கியர்ல மிதிச்சா எஞ்சினுக்குள்ள ஆணி கொட்டுற சத்தம். சாவிய எடுத்த பொறகும் நாலு உதறு உதறித்தான் நின்னுச்சு. பிளக் முனை வெள்ள வெளேர்னு, பொடிப்பொடியா மினுக்கு. இன்னுங் கொஞ்சம் ஓட்டியிருந்தா சூட்டுல உருகி பிஸ்டன்ல ஓட்டை.

அண்ணனுக்கு போன். பெட்ரோல் சரியில்லையாம். மாப்ளகிட்ட குடுங்கன்னாரு. வெச்சுட்டேன்.

8, சனி
அரை நாள் லீவு. பழைய கூல் பிளக்கயே தொடச்சு, 0.7 வெச்சு மாட்டுனேன். தெருவ ஒரு சுத்து. திரும்பவும் கரி. ஸ்பேனர விட்டெறிஞ்சேன். ஏர் ஃபில்டருக்கு அடியில போய் மாட்டிக்கிச்சு. அத எடுக்க ஃபில்டரக் கழட்டுனா, உள்ள பஞ்சு. மெத்தையாட்டம். விரல் விட்டா அடி தட்டல.

காத்தே போகாம, வெறும் பெட்ரோல குடிச்சிருக்குது எஞ்சின். பிளக்கு மேல தப்பே இல்ல. நாள் பூராம் துணில ஒத்தப் பஞ்சத் தேடிப் புடிக்கறவ நானு. என் வண்டில கைப்புடி பஞ்சு. தூ.

மூணு வாரமா வண்டி நிக்கற எடம் நிட்டிங் ஷெட்டுப் பஞ்ச வெளிய தள்ளற எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு நேர் எதிர்ல. அங்க எதுக்கு நிறுத்துனீங்கன்னு அவரக் கேட்டேன்.

"அங்கதான் நெழலு. நீ ஆசையா பெயின்ட் அடிச்சது, வெளுத்துருமேன்னு."

திட்டக்கூட முடியல. ஆனாலும் கொஞ்சம் திட்டுனேன்.

புது ஃபில்டர். கூல் பிளக். 0.7.

9, ஞாயிறு
ஆறு வண்டி. நான் நாலாவது. நிக்கல! ஒரு எடத்துலயும் நிக்கல. முடிச்சுட்டு பிளக்கக் கழட்டிப் பாத்தேன், சரியா எரிஞ்ச நல்ல டீ நெறம். ஒரு மணி நேரம் கையிலயே வெச்சுட்டிருந்தேன்.

சாயந்தரம், வண்டி நிக்காம ஓடுனது தெரிஞ்சு, சென்னியப்பண்ணன்கிட்டருந்து ஊட்டுக்காரருக்கு போன். இதே மாதிரி இன்னொரு வண்டி வந்திருக்குதாம், எந்த பிளக்கு, கேப் எவ்வளவுன்னு. எனக்கென்னங்க தெரியும்னு இவரு போன என் கையில குடுத்துட்டாரு. அந்தப் பக்கம் ஒரு செருமல். அப்பறம்,

"ஏனுங்க அம்மிணி, கேப் எவ்வளவுங்க வெச்சீங்க?"

"மாப்ளகிட்ட சொல்றேனுங்க. அவரயே கேட்டுக்குங்க."

போன அவர் கைலயே திணிச்சுட்டு துணி ஊற வெக்கப் போயிட்டேன்.