நான் நான்தான் என்று மறுபடியும் மெய்ப்பிக்க நாள் கோரும் மனு

அனுப்புநர்:
வெர்னன் டாக்கெட்,
பள்ளிச் சமையலர்,
கோல்ட் ஃபோர்க், மேற்கு வர்ஜீனியா.

பெறுநர்:
தலைமை அஞ்சல் அலுவலர்,
அஞ்சல் நிலையம், கோல்ட் ஃபோர்க்.

பொருள்: தங்கள் ஊழியர் கையெழுத்திட மறந்ததால் என் முதல் பாஸ்போர்ட் விண்ணப்பம் திரும்பி வந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மகள் ஜனெலுக்கு மே 18 அன்று அயர்லாந்தில் திருமணம். பெற்றோர் இருவரும் இருபுறமும் நடந்து வர வேண்டும் என்பது அவள் விருப்பம். என் முன்னாள் மனைவி லொரெட்டாவிடம் பாஸ்போர்ட் இருக்கிறது. என்னுடன் வாழ்ந்த காலத்திலேயே, முன்யோசனையோடு எடுத்து வைத்தது.

2. பார்வைக் குறைவால் நான் கார் ஓட்டுவதில்லை. எனவே அடையாளமாகக் காட்ட ஓட்டுநர் உரிமமும் இல்லை. பிப்ரவரியில் பிறப்புச் சான்றிதழோடு தங்கள் ஊழியர் ஹாலிஸ் பிராக் முன் நின்றேன். தேவாலயப் பாடற்குழுவில் ஒரே பாட்டுப் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பாடுகிறவர்கள் நாங்கள். அன்று அவர் என்னை முதன்முறையாக 'சார்' என்றார்.

"சார், உங்கள வீட்டு முறையில தெரியும். ஆபீஸ் முறையில தெரியாது. உங்கள நல்லாத் தெரிஞ்ச ஒரு ஆளைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வாங்க."

3. தம்மைத் தவிர என்னை நன்கு தெரிந்தவர் லொரெட்டாதான் என்று ஹாலிஸே யோசனையும் சொன்னார். மறுவாரம், தம் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மலைப்பாதையில் காரோட்டி வந்தார் லொரெட்டா. வரிசையில் பாதி ஊர் நின்றது. சத்தியம் செய்யச் சொன்னதும் அவர் சொன்னது:

"இவர்தான் வெர்னன். பதினேழு வருஷம் கூட இருந்தேன், எனக்குத் தெரியாதா? ஒரு தடவகூடப் பொய் சொன்னதில்ல மனுஷன். சொல்லியிருந்தா கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்."

வரிசை சிரித்தது. எங்கள் விவாகரத்து விசாரணையில் எவரும் எனக்கு இப்படியொரு நற்சான்று தரவில்லை. அதன்பின் எடுத்த புகைப்படத்தில் கண் கலங்கியிருப்பதாகச் சொல்லி, ஹாலிஸ் மூன்று முறை எடுத்தார். அவருடைய கடமையுணர்வைக் குறை கூற மாட்டேன்.

4. இத்தனையும் கவனித்தவர், தாம் கையெழுத்திட வேண்டிய ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு உறையை ஒட்டிவிட்டார். விண்ணப்பம் நேற்று திரும்பி வந்தது. போய்க் கேட்டேன். "சாட்சியோட மறுபடி வாங்க சார்," என்று மே 21-க்கு நாள் கொடுத்தார். திருமணம் முடிந்து மூன்றாம் நாள். மணமக்களைத் தள்ளிப்போடச் சொல்லும் அதிகாரம் தங்கள் அலுவலகத்துக்கு உண்டா என்று அறியேன்.

5. ஆகவே இந்த வாரத்திலேயே ஒரு நாள் ஒதுக்கி, ஹாலிஸின் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, விண்ணப்பத்தை விரைவு முறையில் அனுப்ப ஆவன செய்யுங்கள். லொரெட்டாவைத் தொலைபேசியில் கேட்டேன்.

"வர்றேன். ஆனா சீக்கிரம் நாள் வாங்கு. அன்னிக்குக் கொஞ்சம் அதிகமாவே சொல்லிட்டேனோன்னு யோசிச்சிட்டிருக்கேன்," என்றார்.

அவர் யோசித்து முடிப்பதற்குள் நாள் தாருங்கள், அம்மா.

இடம்: கோல்ட் ஃபோர்க்
நாள்: 27 மார்ச் 2019

தங்கள் அலுவலகம் இன்னும் அறிந்திராத,
வெர்னன் டாக்கெட்
(ஒப்பம்)