இரண்டு தட்டு, ஒரு பதில்

மார்ச் 4

கிளம்பிப் பதினொரு நாள். கரைக்கு இன்னும் பத்து நாளாவது ஆகும் என்கிறார். முப்பதடிப் பாய்மரப் படகு, அதில் நானும் என் வீட்டுக்காரரும். உலர்ந்த துணி ஒன்றுகூடக் கிடையாது. காலையில் பயத்தோடு எழுந்தேன். பல் தேய்க்கும்போதும் அது கூடவே நின்றது.

மூன்று மணி நேரம் ஒருவர் மேலே சுக்கானைப் பிடிக்க வேண்டும், மற்றவர் கீழே தூங்கலாம். தூங்குகிறவருக்கு மேலே ஆள் இருக்கிறாரா, கடல் கொண்டுபோய்விட்டதா என்று எப்படித் தெரியும்? அதற்கு நான்தான் ஏற்பாடு செய்தேன். அரை மணிக்கொரு தரம் மேலே இருப்பவர் தளப் பலகையில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். கீழே இருப்பவர் பதிலுக்கு ஒரு தட்டு.

"தையல்காரி இல்ல? எல்லாத்துக்கும் ரெண்டு முடிச்சு போட்டாத்தான் தூக்கம் வரும்" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

மார்ச் 5

காற்று ஏறுகிறது. சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 6

மனுஷன் படகோடு பிணைக்கிற இடுப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டாமலே முன்பக்கம் போனார்! சிக்கின பாயை எடுக்கவாம்.

"ரெண்டு நிமிஷ வேலைடி. கயிறு காலைத் தட்டுது."

"விழுந்தா யாரு எடுக்கிறது? எனக்குப் படகைத் திருப்பவே ஒழுங்கா வரலை!"

"விழ மாட்டேன்."

எக்கேடோ கெட்டுப் போங்க என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு வந்துவிட்டது.

மார்ச் 7

பேச்சு இல்லை. தட்டு மட்டும்.

மார்ச் 8

எப்படி எழுதுவது இதை?

மதியம் அவர் முறை. நான் படுத்திருந்தேன். இரண்டு தட்டு கேட்டது. நான் பதில் தட்டவில்லை. வேண்டுமென்றேதான். கொஞ்சம் தவிக்கட்டும், கொக்கி இல்லாமல் போனபோது நான் தவித்தேனே. மறுபடி இரண்டு. கையை மடக்கி வைத்துக்கொண்டேன். மூன்றாவது முறை வேகமாக.

பிறகு கொக்கி கழலும் சத்தம். அந்தக் கயிறு கீழே இறங்கும் அளவுக்கு நீளம் கிடையாது. என்னைப் பார்க்க வரத்தான் கழற்றினார். அந்த நேரம் பார்த்து ஓர் அலை. படகு சாய்ந்தது, அவர் தொம்மென்று விழுந்தது கேட்டது.

ஓடினேன். படகோரக் கம்பிக்கு வெளியே அவருடைய ஒரு கால் தொங்கியது. தலையில் ரத்தம். எப்படி இழுத்தேன், எப்படிக் கீழே கொண்டுவந்தேன், தெரியாது. கடலுக்குள் போகவில்லை. போகவில்லை.

மார்ச் 9

சாட்டிலைட் போனில் டாக்டர் பேசினார். விலா எலும்பு, தோள்பட்டை, தலையிலும் அடி. "அடிக்கடி எழுப்பிப் பேசுங்க. பதில் சொல்லலைன்னா உடனே கூப்பிடுங்க." பக்கத்தில் கப்பல் எதுவும் இல்லையாம். கூப்பிட்டு?

இனி எல்லா நேரமும் என் முறைதான். பதில் தட்ட அவர் பக்கத்தில் ஒரு டம்ளரும் ஸ்பூனும் வைத்திருக்கிறேன்.

"பதில் வரலைன்னாலும் கொக்கியோட இரு. பாயை இறக்கிட்டு அப்புறம் கழட்டு" என்றார். குரலே இல்லை.

மார்ச் 11

தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இல்லை.

கை கொக்கியிலேயே இருந்தது. ஐயோ, இப்படித்தானே இருந்திருக்கும் அவருக்கும். "என்னங்க! என்னங்க!" என்று கத்தினேன். அழுதுகொண்டே பாயை இறக்கிக்கொண்டிருந்தபோது டம்ளர் சத்தம் கேட்டது. தூங்கிவிட்டாராம். தூங்குகிற நேரத்தைப் பார்!

மார்ச் 14

கரை தெரிகிறது. நம்பிக்கை வரவில்லை. கைவிரல் மடங்கவில்லை.

மார்ச் 16

ஆஸ்பத்திரி. பிழைத்துவிட்டார் என்று டாக்டர் வாயாலேயே சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் எனக்குச் சொல்லத் தைரியம் வந்தது.

"அன்னிக்கு நான் தூங்கலைங்க. கேட்டுட்டேதான் கிடந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கழட்டினீங்க?"

"கோவம்னுதான் நெனச்சேன். ஆனா மூணு நாளா நீ சாப்பிடலையே. மயங்கிக் கிடந்தா? அந்த ஒரு சந்தேகத்தோட மேல உக்கார முடியலை."

வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வெளியே அனுப்பிவிட்டார். அவர் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம், கூட வந்தவர்கள் தங்கும் அறையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தரை ஆடவே இல்லை, அதுவே பயமாக இருக்கிறது.

சுவரில் இரண்டு தட்டினேன். உடனே ஒன்று வந்தது. சும்மா இருக்க முடியாமல் மறுபடி தட்டினேன். அதற்கும் வந்தது.