என் மேசைக்கும் வடை வந்தது

இன்று என் மேசையில் ஒரு பொட்டலம் மத்தூர் வடை இருக்கிறது. அக்ரஹாரத்துக் கடையில் வாங்கியது. காகிதமெல்லாம் எண்ணெய், அறை முழுக்க வெங்காய வாசம். கல்லூரி ஆபீஸ்காரர்கள் கொண்டுவந்து வைத்தார்கள். இத்தனை வருஷமும் இது பக்கத்து மேசைக்கு, உனக்குத்தான் வந்துகொண்டிருந்தது.

கல்லூரியின் சர்வர்களில் பாதி உன் பொறுப்பு, பாதி என் பொறுப்பு. உன்னுடையவை அவ்வப்போது படுத்துக்கொள்ளும். நீ துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு உட்காருவாய். சுற்றிலும் கூட்டம் நிற்கும். சர்வர் எழுந்ததும் கைதட்டல், வடை. என்னுடையவை ஒருநாளும் படுத்ததில்லை. அதனாலேயே நான் ஒருத்தி இருப்பது பிரின்சிபாலுக்குத் தெரியாது. வயிறு எரியும். ஒருநாள் பொறுக்கமுடியாமல் உன்னிடமே சொல்லிவிட்டேன். நீ வடையைப் பிய்த்து என் வாயில் திணித்தாய்.

“ஒடைஞ்சாத்தான்டி ஒட்டவெச்சவ யாருன்னு கேப்பாங்க. நீ ஒடையவே விடமாட்டேங்கிற, உன்ன யாருக்குத் தெரியும்?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் அடக்கத்தன்று சர்ச் வாசல் கொள்ளவில்லை. நஞ்சன்கூட்டிலிருந்தெல்லாம் பழைய மாணவர்கள் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அழுதுகொண்டே, எனக்கு இவ்வளவு பேர் வருவார்களா என்று யோசித்தேன். அப்போதுகூட விடவில்லை பார், அந்தப் பாழாய்ப்போன பொறாமை.

போன சனிக்கிழமை மெயில் சர்வரில் பழைய லினக்ஸை மாற்றிப் புதியதை ஏற்றினேன். திங்கள் காலை ஒரு மெயிலும் போகவில்லை, வரவுமில்லை. எல்லாம் வரிசையில் தேங்கி நின்றன. மறுநாள் பரீட்சை. ஹால் டிக்கெட் மெயிலில்தான் போக வேண்டும். பிரின்சிபாலே வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

சர்வர் தன் பிழைகளை எழுதிவைக்கும் லாகைத் திறந்து பார்த்தேன். எந்த முகவரிக்கு வரும் மெயில் யார் யாருக்குப் போக வேண்டும் என்ற அட்டவணைகள் பழைய வடிவத்தில் இருந்தால் புதிய லினக்ஸ் படிக்காது. தெரிந்த விஷயம்தான், என் அட்டவணைகளை முன்பே மாற்றி வைத்திருந்தேன். ஒன்று மட்டும் அப்படியே கிடந்தது. அது நீ எப்போதோ போட்டுக்கொடுத்தது, உன் ஃபோல்டரில் இருந்தது. நீ போன பிறகு அந்தப் பக்கமே நான் போனதில்லை. அதையும் புதிய வடிவத்துக்கு மாற்றி மெயிலை மறுபடி ஓடவிட்டேன். தேங்கியதெல்லாம் மடமடவென்று கிளம்பிப் போயிற்று.

கைதட்டினார்கள். பிரின்சிபால் என் பேரைக் கேட்டார். சொன்னதும், ஓ, அவளுடைய சிநேகிதிதானே, அதுதான் இவ்வளவு சாமர்த்தியம் என்று கன்னடத்தில் மெச்சிவிட்டுப் போனார்.

பார்த்தாயா? வாராது வந்த ஒரு பேர். மெயில் உடைந்ததும் உன்னால், கிடைத்த பேரும் உனக்கு. செத்தும் கெடுத்தாய்.

உன் இடத்துக்கு வந்திருக்கும் பெண் உன்னைவிடக் கெட்டிக்காரி. அவள் மேல் எனக்குத் துளியும் பொறாமை வரவில்லை. இருப்பது முழுக்க உன் மேல்தான், இன்னும் குறையவில்லை.

அந்த அட்டவணை உன்னுடையது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. தோழியின் பேரைக் காப்பாற்றினாள் என்று அங்கே உட்கார்ந்து உருகிவிடாதே. சொன்னால் மறுபடியும் உன்னைப் பற்றியே பேச ஆரம்பித்துவிடுவார்கள், அதனால்தான். பேச ஆரம்பித்திருந்தால், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டுக் கடைசியாக எழுந்து போகிறவள் நானாகத்தான் இருந்திருப்பேன்.