உனக்கென்று வைத்திருந்த அட்டை

அக்காவுக்கு,

அம்மாவுக்கு நேற்றிலிருந்து நினைவில்லை. அதுவரைக்கும் நீ வந்துவிட்டாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். உன் கல்யாணத்தின் மேல் இருந்த கோபமெல்லாம் எப்போதோ போய்விட்டது. டாக்டர் என்னிடம், "வீட்ல பெரியவங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார். நான் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருந்தார். அவருடைய மனைவியும் நானும் மாறி மாறித் தூங்குவோம். நான் பேக்கரி வேலைக்குப் போனால் அந்த அம்மாள்தான் இரண்டு கட்டிலையும் பார்த்துக்கொள்வார். "உன் வாய்க்குப் போட்ட பூட்டோட சாவி யாருகிட்டடி இருக்கு?" என்று கேலி செய்வார்.

முந்தாநாள் அவர் கணவர் இறந்துவிட்டார். உடனிருப்பவருக்கான அனுமதி அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு அந்த அம்மாளை அனுப்பிவிட்டார்கள்.

இன்று காலை அந்த அம்மாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தார். "வீட்ல உக்கார முடியலடி. நீ ஒருத்தியா உங்கம்மாவ எப்படித் திருப்பிப் படுக்க வைப்ப?" என்றார்.

காவலாளி உள்ளே விடவில்லை.

"எங்க அத்தைங்க" என்றேன்.

"அன்னைக்குப் பக்கத்துக் கட்டில்காரங்க, இன்னைக்கு அத்தையா?"

"ஆமாங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஒரு நோயாளிக்கு இரண்டு அட்டைதான். ஒன்று என்னுடையது. இன்னொன்றை நீ வருவாய் என்று யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். அதை அத்தை கழுத்தில் மாட்டிவிட்டேன்.

நீ வந்தால் வாசலில் சொல்லியனுப்பு. என் அட்டையைத் தருகிறேன். நான் வெளியே நின்றுகொள்கிறேன்.

உன் தங்கை