சாப்பாடு சேராத டிக்கெட்

ஜூன் 3, செவ்வாய்

விமானக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஜூலை முதல் தேதியிலிருந்து பயணிகளுக்குச் சாப்பாடு கிடையாது. ஊரெல்லாம் வியாபாரம் மந்தம், சீட்டு காலியாகப் பறக்கிறது. அதனால் சாப்பாடு சேராத பாதி விலை டிக்கெட்டை இப்போதே விற்க ஆரம்பித்துவிட்டார்கள்; ஜூலையிலிருந்து எல்லாமே அதுதான். நாள் ஒன்றுக்கு எண்ணூறு பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன். அடையாறு சமையல்கூடத்தில் பத்தொன்பது பெண்கள். எப்படிச் சொல்ல?

ஜூன் 5

ஜஹீதாவிடம் மறைக்க முடியவில்லை. பதினோரு வருஷமாக அடுப்பு அவள் கையில். என் ருசி என்று ஜனங்கள் சொல்வது அவள் ருசி.

"இன்னா அண்ணாச்சி, அரிசி பாதிதான் வந்துகீது. யார வூட்டுக்கு அனுப்பப் போற?"

யார் போனாலும் அடுப்பு உன்னுடையதுதான் என்றேன். அதை மட்டும் மனசாரச் சொன்னேன்.

ஜூன் 9

ஆர்டர் கேட்டு ஏழு கேன்டீன், மூன்று மண்டபம் ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் "பார்க்கலாம்". நான் காய்கறிக்காரனிடம் சொல்லும் அதே பார்க்கலாம்.

ஜூன் 12

விமானக் கம்பெனியின் டெல்லி தலைமை அலுவலகத்துக்கு நேரிலேயே போய், என் பொட்டலத்தை விமானத்தில் காசுக்கு விற்கலாமா என்று கேட்டுவிடுவது. அங்கே கொள்முதல் பார்ப்பவள் ஜெயஸ்ரீ, மயிலாப்பூர்ப் பெண்ணாம். டிக்கெட் நல்ல மலிவு. என் மனைவி முத்துலட்சுமி வழிக்கு இட்லி கட்டித் தருகிறாள்.

ஜூன் 13

அந்தப் பெண் நான் கொண்டுபோன மூன்று சாதத்தையும் ருசி பார்த்தாள். பிரமாதம் என்றாள். பிறகு கேட்டாள்: "வர்றச்சே ஃப்ளைட்ல என்ன சாப்ட்டேள்?"

வீட்டு இட்லி என்றேன். வாயை விட்டு வந்தபிறகுதான் உறைத்தது.

"நீங்களே காசு குடுத்து வாங்கமாட்டேள் மாமா. நான் யாருக்கு விக்கறது?"

கேலியே இல்லை அவள் குரலில். அதைத்தான் தாங்க முடியவில்லை. முப்பது வருஷம் பேரம் பேசியே பிழைத்தவன் நான் — டப்பாவை மூடிக்கிட்டு எழுந்துட்டேனே! அவ சொன்னதுல என்ன தப்பு?

ஜூன் 14

திரும்பும் விமானத்தில் காசிக்குப் போய்வந்த கும்பல், எல்லாம் மயிலாப்பூர் மாமிகள். மிஞ்சிய தட்டையில் எனக்கும் இரண்டு கிடைத்தது. இந்த மலிவு டிக்கெட்டால்தான் காசியையே பார்த்தார்களாம். வெளியில் எதுவும் சாப்பிடமாட்டார்கள். கிளம்புமுன் இரண்டு நாள் அடுப்படியிலேயே போய்விட்டதாம். கூட்டிப்போனது யார் என்று விசாரித்தேன். தி.நகர் நல்லசிவம், யாத்திரை ஏஜென்ட்.

ஜூன் 17

நல்லசிவம் என்னைவிடக் கெட்டிக்காரன். யாத்திரைக் கும்பலுக்குப் பொட்டலம் போட்டுத் தருகிறேன் என்றதும் விலையில் அதிகம் இழுக்கவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"யாரு சமைச்சதுன்னு மாமிக கேப்பாங்க அண்ணாச்சி. அந்தப் பாய் வீட்டம்மாவ அடுப்புல இருந்து எடுத்துருங்க, இன்னைக்கே கையெழுத்து."

ஒரு வாரம் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 23

வேறு ஒரு கதவும் திறக்கவில்லை. பொட்டலம் கட்டும் வேலைக்கு ஜஹீதாவை வைத்துக்கொள்ளலாமா? எந்த முகத்தோடு கேட்பேன்?

ஜூன் 24

ஜஹீதாவிடம் சொல்லிவிட்டேன். கட்டுகிற வேலை இருக்கிறது, சம்பளம் குறையாது என்றும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"பதினோரு வருசமா ஏரோப்ளேன்ல அத்தினி பேரு துன்னாங்க. யாரு ஆக்குனதுன்னு ஒருத்தராவது கேட்டாங்களா அண்ணாச்சி?"

கையைத் துடைத்துக்கொண்டு பஸ் டிப்போ பக்கம் நடந்துவிட்டாள்.

ஜூன் 30

நல்லசிவத்தோடு கையெழுத்தானது. பொட்டலம் அறுபத்தெட்டு ரூபாய். வாரத்துக்கு எண்ணூறு. ஆறு பேருக்கு வேலை. அடுப்படியில் வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, ஜஹீதா கூடாது.