உள்ளிருந்து திறவாத குளிர்ப்பேழை

திருவளர்க! வேங்கை பொறித்த கொடி நிழலில் வெயில்நாட்டை ஆளும் கோமான் கடுங்கோவிறலார் ஏவலால், அவர்தம் தலைமை அமைச்சர் விழுப்பரையர் எழுதுவித்த ஓலை. பனிமலை நாடுடைய பெருந்தகை வெண்ணிக்கோ அவர்கள் கண்டு மகிழ்க. தங்கள் மலைகளில் பனி குறையாதிருக்க; தங்கள் குடியும் கோட்டையும் நலமே நிற்க.

தாங்கள் அன்புடன் அனுப்பிய குளிர்ப்பேழை பழுதின்றி வந்தது. அதைச் செய்த தச்சன் நன்னாகனும் உடன் வந்தான். இரட்டைச் சுவரில் பனிக்கட்டி நிரப்பிய, ஆள் நுழையும் அளவு பெரிய அப்பேழை அரண்மனை மடைப்பள்ளியில் நிறுத்தப்பட்டது. சித்திரை வெயிலிலும் பால் திரியவில்லை, மீன் நாறவில்லை. கையை எடுத்ததும் கதவு தானே சாத்திக்கொள்வதால் குளிர் வீணாவதும் இல்லை. கோமான் வாயாரப் புகழ்ந்தார். அவர் வாயிலிருந்து புகழ் வருவது எத்துணை அரிதென்று தாங்களும் அறிவீர்கள்.

குறைகளும் உண்டு. கீழ்த்தட்டு தரையோடு கிடப்பதால் பரிசாரகர் மண்டியிட்டே கறிகாய் எடுக்க வேண்டும். அது நல்ல பழக்கமென்று கோமான் விட்டுவிட்டார். மேல்தட்டோ ஆழம் மிகுந்தது. பின்னால் வைத்த சாடி, உள்ளே நுழைந்தாலன்றிக் கைக்கு எட்டாது. அப்படித் தயிர்ச்சாடி எடுக்க நுழைந்தாள் குறுங்கோதை என்னும் மடைப்பள்ளிப் பெண். அடுப்பில் வெந்த உடம்புக்கு இதமாக இருந்திருக்கும், சற்றே நின்றுவிட்டாள். கதவு தன் வழக்கப்படி சாத்திக்கொண்டது. உட்புறம் தாழ் இல்லை. மறுநாள் திறந்து, அவள் உயிர் போயிருக்கக் கண்டபோது, கோமான் வினவியது தயிர் புளித்ததா என்பது ஒன்றே. புளிக்கவில்லை.

நன்னாகன் மட்டும் அவள் காலடியில் விழுந்து அழுதான். தன் நாட்டில் குளிரைத் தேடி எவரும் நுழையார் ஆதலால், உட்தாழ் வேண்டுமென்று தனக்குத் தோன்றவேயில்லை என்று அரற்றினான். எவரும் ஏவாமலே மரத்தாழ் ஒன்றைச் செதுக்கிக் கதவின் உட்புறம் பொருத்தினான். கட்டளையின்றி அரசுடைமையில் உளி வைத்தது குற்றம் என்று அவை உரைத்தது. அவனோ, ஈரத்தில் தாழ் ஊதி இறுகுமோ என்ற ஐயம் தீர அதைச் சோதிக்கவும், பின்பு தன் மனைவி மக்களிடம் திரும்பவும் விடை வேண்டுமென்று விண்ணப்பித்தான். கோமான் இரங்கினார். இரண்டையும் ஒருங்கே அருளினார்.

ஆகவே பேழையைத் தங்களுக்கே திருப்பி அனுப்புகிறோம். தச்சன் உள்ளே இருக்கிறான். வண்டி கோட்டை வாயிலைக் கடக்கையில் உள்ளிருந்து தட்டும் ஓசை கேட்டது. கெட்டிக்காரன், வழியிலும் வேலையை விடமாட்டான் என்று கோமான் நகைத்தார்.

இவ்வோலையில் இட்ட வேங்கை முத்திரையே பேழைக் கதவின் மேலும் இடப்பட்டுள்ளது. தாழ் நன்றாயின் அவனே அம்முத்திரையை உடைத்து வெளிவருவான். வெளியிலிருந்து உடைக்கும் கை எவருடையதாயினும், அதைப் போர் அழைப்பாகவே கொள்வோம். வண்டி தங்கள் வாயிலில் நின்றபின், கதவு உள்ளிருந்து திறக்கும்வரை பொறுத்திருக்கக் கடவீர். இது கோமான் ஆணை.